ஹட்டனில் மெக்சிகன் கடை: ரொட்டியும் சம்பலும் 13,530 ரூபாய்

கொட்டகலை ராசு | ஞாயிறு, இரவு 9.40

நேற்று அம்மாவுக்கு 60 வயது. 41 வருடம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு, போன வருடம்தான் ஓய்வுக்கு வந்தவர். வழக்கமாக என்றால் வீட்டில் கோழிக்கறி, ஒரு கேக், அவ்வளவுதான். இந்த முறை மனைவி ஆசைப்பட்டாள் என்று ஹட்டனில் புதிதாகத் திறந்திருக்கும் மெக்சிகன் கடைக்குப் போனோம். நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு, அம்மா. மேல்மாடி, கண்ணாடி ஜன்னல், சுவரில் கள்ளிச்செடி, பெரிய தொப்பி போட்ட எலும்புக்கூடு. சின்னவன் எலும்புக்கூட்டைப் பார்த்ததும் அம்மா மடியில் ஏறியவன், கடைசிவரை இறங்கவில்லை.

பில்லை அப்படியே எழுதுகிறேன். டாக்கோ (கறி வைத்து மடித்த சின்ன ரொட்டி, ஒரு தட்டில் மூன்று) இரண்டு தட்டு 3,900. புரிட்டோ (கறி வைத்துச் சுருட்டிய பெரிய ரொட்டி) 2,200. நாச்சோஸ் (சீஸ் போட்ட சோளச் சிப்ஸ்) 1,600. கெசடியா (சீஸ் வைத்து மடித்துச் சுட்ட ரொட்டி) 1,850. குவாக்கமோலே (மசித்த பட்டர் புரூட்) 950. தேசிக்காய் ஜூஸ் நான்கு 1,800. அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், 1,230. ஆக 13,530.

அம்மா டாக்கோவைக் கையில் எடுத்து, ஓரத்தில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். கொஞ்ச நேரம் மென்றார். "ஏன்ப்பா, இது நம்ம ரொட்டிதானே? தேங்காய்ப்பூ போட மறந்துட்டாங்களோ?" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்கிறார்களே என்று நான்தான் முள்ளுக்கரண்டியை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. வீட்டுக்கு வந்து பழைய பருப்பைச் சூடாக்கிச் சோறு சாப்பிட்டார். எவ்வளவு என்று கேட்டதற்கு, "நாலாயிரம்தான்மா" என்று பொய் சொன்னேன்.

அம்மா ஓய்வுபெறும்போது அடிப்படை நாட்சம்பளம் 1,350. வகுத்துப் பாருங்கள். பத்து நாள் காலையில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய் மலையேறிய காசு.

ரொட்டி, மிளகாய் சம்பல், மசித்த போஞ்சிக் கொட்டை, பட்டர் புரூட். இதற்கு இந்த விலை நியாயமா? யாராவது விளங்கப்படுத்துங்கள்.


பண்டாரவளை சுதா | ஞாயிறு, இரவு 10.05

ராசு அண்ணே, முதலில் அம்மாவுக்கு என் வாழ்த்து.

இரண்டாவது, இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. சுற்றுலாக்காரர் வருகிற எல்ல ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள். வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து இதே டாக்கோவைச் சாப்பிடுகிறார்கள், நாம் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம். ஹட்டனில் ஒருவர் துணிந்து நமக்கும் சேர்த்துத் திறந்தால், உடனே நாட்சம்பளத்தால் வகுக்கிறோம். கல்யாண வீட்டுக்கு வாடகைக் கார், பூப்புனித நீராட்டுக்கு ஹெலிகொப்டர் பூத்தூவல் எல்லாவற்றையும் இப்படி வகுத்தோமா? விலைப்பட்டியல் வாசலில் இருந்ததா, இல்லையா? பார்த்துத்தானே உள்ளே போனீர்கள்?


பழைய கணக்கப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10.50

தம்பி ராசு எழுதியது நூற்றுக்கு நூறு. நாச்சோஸ் என்று ஒரு தட்டு வந்ததாமே, அதைத்தான் நம் ஆட்கள் "யானைப் பசிக்குச் சோளப்பொரி" என்று எப்போதோ சொல்லிவைத்துவிட்டார்கள்.

சுதா பிள்ளைக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1973, 74இல் எனக்குப் பத்து வயது. தோட்டங்களில் அரிசி இல்லை, மா இல்லை. அப்பா கொண்டுவந்த கோதுமை மாவில் அம்மா ரொட்டி தட்டி, ஆளுக்கு ஒன்றரை என்று பிய்த்துத் தருவார். அந்த அரை ரொட்டிக்கு நானும் தம்பியும் அடித்துக்கொண்டது இன்றைக்கும் ஞாபகம். பசிக்கு என்று எங்கள் லயத்து வீடுகளுக்குள் வந்த சாமான் அது. அதையே கண்ணாடி ஜன்னல் போட்டு, விரிப்பு விரித்து, தட்டு 1,950 என்றால் எனக்குத் தொண்டையில் இறங்காது. மிளகாய் அரைக்க நமக்கு மெக்சிகோக்காரன் சொல்லித் தர வேண்டுமா? ஆதிகாலத்திலிருந்து அரைக்கிற ஆட்கள் நாம்.


டோஹா குசினி | திங்கள், காலை 6.15

வேலைக்குப் போகுமுன் அவசரமாக எழுதுகிறேன். பொகவந்தலாவையில் பிறந்தவன். டோஹாவில் 9 வருடம். சட்டி கழுவுவதில் தொடங்கி, கடைசி 4 வருடம் ஒரு ஹோட்டலின் மெக்சிகன் குசினியில் நிற்கிறேன்.

ராசு அண்ணே, எனக்கு நாலு விஷயம் தெரிய வேண்டும். அந்த ரொட்டி என்ன நிறம்? மடித்தபோது இழுபட்டதா, ஓரம் வெடித்ததா? மூக்கருகே கொண்டுபோனால் அவித்த சோளம் மணத்ததா? மெனுவில் என்ன எழுதியிருந்தது?


கொட்டகலை ராசு | திங்கள், பகல் 12.20

வெள்ளை நிறம், அங்கங்கே கருகிய புள்ளி. இழுத்தால் இழுபட்டது. சோள மணம் இல்லை, ரொட்டிக் கல் மணம்தான். மெனுவைப் பெரியவள் போனில் படம் எடுத்திருக்கிறாள். "கையால் தட்டிய சோள டோர்ட்டியா" என்று போட்டிருக்கிறது.

சுதா, விலை வாசலில் இருந்தது. பார்த்துத்தான் போனேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு படியேறிய பிறகு திரும்பி இறங்க முடியுமா?


டோஹா குசினி | திங்கள், இரவு 11.30

அப்படியென்றால் உங்கள் அம்மா நாக்கு பொய் சொல்லவில்லை. அது கோதுமை மா. மெனுவில் சோளம் என்று எழுதிவிட்டு அதைக் கொடுத்திருந்தால் நீங்கள் சண்டை போடலாம், அதற்கு நானும் கூட வருவேன்.

ஆனால் "மெக்சிகன் சாப்பாடு என்றால் ரொட்டியும் சம்பலும்தான்" என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னது சரியில்லை. நீங்கள் அதைச் சாப்பிடவே இல்லையே, அண்ணே.

சோள டோர்ட்டியா செய்கிற விதத்தைக் கேளுங்கள். நன்றாக முற்றிக் காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைக்கிறார்கள். நம் ஆட்கள் வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. வெந்ததை அப்படியே இரவு முழுவதும் ஊறவிடுகிறார்கள். காலையில் கையால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவரும். அலசி, ஈரத்தோடு அரைக்கிறார்கள். பழைய முறையில் அதற்கு மெட்டாட்டே என்று ஒரு கல். நம் அம்மிக்கு மூன்று கால் முளைத்தது போல இருக்கும், குழவியை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுவார்கள். அந்த மாவுதான் மஸா. தட்டி, கோமால் என்கிற கல்லில் சுடுவார்கள். எண்ணெய் இல்லை, தேங்காய் இல்லை. பச்சைச் சோள மாவைச் சும்மா தண்ணீர் விட்டுப் பிசைந்தால் உருண்டை பிடிக்காது, உதிரும். சுண்ணாம்பில் வெந்தால்தான் ஒட்டும்.

சுண்ணாம்பு ஒட்டுவதற்கு மட்டும் இல்லை. சோளத்துக்குள் நயசின் என்ற பி3 விட்டமின் பூட்டி வைத்தது போல இருக்கிறது. சுண்ணாம்பு அந்தப் பூட்டைத் திறக்கிறது. ஸ்பெயின்காரன் சோளத்தை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான், இந்தக் கைப்பக்குவத்தை விட்டுவிட்டான். பிறகு இத்தாலியின் வடக்கிலும் ஸ்பெயினிலும் சோளத்தையே நம்பிச் சாப்பிட்ட ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் பெலாக்ரா என்ற நோய் வந்தது. அமெரிக்காவின் தென்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மெக்சிகோவில் கிழவிகள் தினமும் செய்துகொண்டிருந்த இந்தச் சுண்ணாம்பு வேலைதான் அதைத் தடுத்திருக்கும்.

கிளினிக்கில் தருகிற திரிபோஷாவை நாம் எல்லாரும் சின்ன வயதில் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்துச் சாப்பிட்டவர்கள்தானே? அதிலும் சோளம்தான், சோயாவோடு சேர்த்து. ஆகவே சோளம் நமக்கு அந்நியம் இல்லை. இந்தப் பக்குவம்தான் அந்நியம்.

இன்னொன்று. கோதுமை டோர்ட்டியாவே போலி என்று யாரும் எழுதிவிடாதீர்கள். மெக்சிகோவின் வடக்கே, சொனோரா பக்கம், ஸ்பெயின்காரன் கோதுமை கொண்டுவந்த பிறகு அதுதான் வீட்டு ரொட்டி. புரிட்டோ அந்த வடக்குச் சாப்பாடு. நாச்சோஸ் 1940களில் எல்லை ஊரான பியட்ராஸ் நெக்ராஸில் இக்னாசியோ அனாயா என்ற ஆள் திடீரென்று வந்தவர்களுக்குக் கையில் கிடைத்ததை வைத்துச் செய்த தட்டு. இக்னாசியோவைச் செல்லமாக நாச்சோ என்பார்கள், பெயர் அப்படித்தான் வந்தது. சீரகத்தூளும் மஞ்சள் சீஸும் கொட்டிக் கொடுத்தால் அது பாதி டெக்சாஸ். ருசி குறைவு என்று சொல்லவில்லை, ஊர் வேறு.

முள்ளுக்கரண்டி விஷயம்: டாக்கோவுக்கு முள்ளுக்கரண்டி கொடுத்தது நீங்கள் செய்த பிழை. அது தெருவோரம் நின்று கையால் சாப்பிடுகிற சாமான். அம்மா சரியாகத்தான் தொடங்கினார்.


தலவாக்கலை மருமகள் | செவ்வாய், காலை 8.10

இரவு ஒரு மணிவரை இதை வாசித்துக்கொண்டிருந்தேன், காலையில் சோறு குழைந்துவிட்டது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வாழ வந்தவள். ராசு அண்ணா "பட்டர் புரூட்" என்று எழுதியதை வாசித்து, பட்டர் போட்ட புரூட் சலட் என்றே நினைத்தேன். பார்த்தால் அது ஆனைக்கொய்யா, அவகாடோ! அதற்குச் சீனியும் டின்பாலும் அல்லவா போடுவது? உப்பும் பச்சைமிளகாயும் போட்டு 950 ரூபாயா? எங்கள் லயத்துக்குப் பின்னால் காய்க்கிற காலத்தில் விழுந்து நாய்கூட மோந்து பார்க்காது.


பண்டாரவளை சுதா | செவ்வாய், காலை 8.40

அக்கா, ஒரு முறை செய்து பாருங்கள். நன்றாகப் பழுத்தது ஒன்று, அரை வெங்காயம் பொடியாக, ஒரு பச்சைமிளகாய், தேசிக்காய்ச் சாறு, உப்பு. முள்ளுக்கரண்டியால் மசிக்க வேண்டும், மிக்ஸியில் போடக் கூடாது. பாணோடு சாப்பிடுங்கள். பிறகு டின்பாலைத் தேடமாட்டீர்கள்.


வெலிமடை நானா | செவ்வாய், பகல் 1.15

எனக்கு ஒரு சந்தேகம். அந்த மசித்த கொட்டையில் பன்றிக் கொழுப்புப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகள் போக வேண்டும் என்று நிற்கிறார்கள். மாமிசம் ஹலாலா என்று கேட்டால் போதும் என்று நினைத்திருந்தேன், இது புதுக் கதை.


டோஹா குசினி | செவ்வாய், இரவு 11.50

நானா, கேட்டது நல்லது. ஊர் முறைப்படி பொரித்து மசிக்கிற கொட்டைக்குப் பன்றிக் கொழுப்புத்தான். இங்கே டோஹாவில் நாங்கள் எண்ணெயில் செய்கிறோம். சைவக்காரர்களும் இதைக் கேட்க வேண்டும். கொட்டைதானே, மரக்கறிதானே என்று நம்பிவிடக் கூடாது. மாமிசம் வாட்டுகிற அதே கல்லில் கெசடியாவும் சுடுகிறார்களா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.


மட்டுறுத்துநர் | புதன், காலை 7.00

மாட்டிறைச்சி பற்றி இரவு வந்த 11 பதிவுகளை எடுத்துவிட்டேன். யார் எதைச் சாப்பிடுவது என்பது இந்த இழையின் பேச்சு இல்லை.


மேசைப் பையன் | புதன், இரவு 11.10

நான் அந்தக் கடையில்தான் வேலை செய்கிறேன். முதலாளி சொல்லி எழுதவில்லை, அவருக்குத் தெரிந்தால் பேசுவார். ஆனாலும் எழுதுகிறேன்.

ராசு அண்ணே, உங்கள் மேசை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜன்னலோரம், சின்னவன் பாட்டி மடியில். அன்றைக்குச் சோள மா முடிந்துவிட்டது. கொழும்பிலிருந்து வருகிற சாமான், பொதி வர இரண்டு நாள் பிந்திவிட்டது. கோதுமை மாவில் போடச் சொன்னார்கள். மேசையில் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்கள். நான் சொல்லியிருக்க வேண்டும். மன்னியுங்கள்.

நானாவுக்கு: நாங்கள் மரக்கறி எண்ணெய்தான் பாவிக்கிறோம், பன்றி கடைக்குள் வருவதே இல்லை. கல் ஒன்றுதான் இருக்கிறது. சைவம் என்று முதலில் சொன்னால் கழுவிவிட்டுச் சுடுவோம், சொல்லாவிட்டால் இல்லை.

சேவைக் கட்டணம் பற்றி ராசு அண்ணே "அதற்கு மேல்" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அடிப்படைச் சம்பளம் சின்னது. மாத முடிவில் அந்த 10 சதவீதத்தைத்தான் ஏழு பேர் பங்கு போடுகிறோம். ஏழு பேரில் ஐந்து பேர் தோட்டத்துப் பிள்ளைகள். நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்று, படிக்கட்டுக்குக் கீழே படுத்தவன். இப்போது வேலை முடிந்து அம்மா வீட்டில் படுக்கிறேன்.

அப்புறம், முதல் இரண்டு வாரம் வந்தவர்களில் கையால் சாப்பிட்டது உங்கள் அம்மா ஒருவர்தான். குசினியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தோம், கேலிக்கு இல்லை.


கொட்டகலை ராசு | வியாழன், காலை 6.30

தம்பி, உன் மேல் கோபம் இல்லை. நீ சொன்னதற்கு நன்றி. சொல்ல வேண்டாம் என்று சொன்னவர்மேல்தான் கோபம். சோளம் முடிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கோழி பிரியாணிக்குப் போயிருப்பேன், அல்லது அதையே சாப்பிட்டிருப்பேன். எதுவாக இருந்தாலும் தெரிந்து செய்திருப்பேன்.

ஆக, சுதா, என் கணக்கு சரிதானே? ரொட்டிக்குத்தான் காசு கொடுத்தேன்.


பண்டாரவளை சுதா | வியாழன், காலை 9.00

இல்லை அண்ணே. பொய்க்குக் காசு கொடுத்தீர்கள், அதில் நான் உங்கள் பக்கம். விலை என்பது வேறு பேச்சு. கடை வாடகை, கரண்ட், ஏழு பேர் சம்பளம், கொழும்பிலிருந்து சாமான் எல்லாம் அந்தத் தட்டில் இருக்கிறது. ரொட்டியை மட்டும் எடைபோட்டால் எந்தக் கடையும் நியாயமாகத் தெரியாது. ஒரு பிளேன்டி வீட்டில் எவ்வளவு, கடையில் எவ்வளவு?

என் மாமா ஸ்காபரோவில் இருக்கிறார். அங்கே தமிழ்க் கடையில் கொத்து ரொட்டி டொலர் கணக்கில் விற்கிறது. மாமா போட்டோ போட்டால் நாங்கள் எல்லாரும் இங்கே இருந்து இதயம் போடுகிறோம். "நேற்று மிஞ்சிய ரொட்டியைக் கொத்தி விற்கிறான்" என்று அங்கே ஒரு கனேடியன் எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்?


பழைய கணக்கப்பிள்ளை | வியாழன், பகல் 2.30

கனேடியன் அதை நாட்சம்பளத்தில் வாங்குவதில்லை, பிள்ளை. அவன் ஒரு மணி நேர வேலைக்கு ஒரு கொத்து சாப்பிட்டு மிச்சமும் வைக்கிறான். ராசுவின் அம்மாவுக்கு ஒரு தட்டு டாக்கோ ஒன்றரை நாள். இதை விளங்காமல் ஸ்காபரோவைக் கொண்டுவந்து என்ன பயன்?

மெக்சிகோச் சாப்பாட்டை 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததாக என் பேத்தி காட்டினாள். சேர்க்கட்டும். பட்டியலில் ஏறினால் பசி ஆறுமா?


டோஹா குசினி | வெள்ளி, காலை 5.50

ஐயா, சம்பளக் கணக்கில் உங்களோடு வாதம் இல்லை. நான் இங்கே வந்ததே அந்தக் கணக்கு சரிவராமல்தான்.

ஆனால் "ஆதிகாலத்திலிருந்து மிளகாய்" என்று எழுதினீர்களே, அதை விட்டுவிட முடியாது. மிளகாயின் சொந்த ஊர் மெக்சிகோப் பக்கம். போர்த்துக்கேயர் 1505இல் இங்கே வந்தார்கள், அந்த நூற்றாண்டில்தான் அவர்கள் கப்பல்களோடு நம் பக்கத்துக்கு மிளகாயும் வந்தது. அதுவரை காரம் என்றால் மிளகு. பெயரைப் பாருங்கள், மிளகாய்க்குள் மிளகு ஒளிந்திருக்கிறது. தக்காளியும் அங்கேயிருந்து, பப்பாளியும் அந்தப் பக்கம், ஆனைக்கொய்யாவும் அப்படியே. நுவரெலியாவில் லொறி லொறியாக ஏற்றுகிற போஞ்சியின் பாட்டன் பூட்டனும் அமெரிக்கக் கண்டத்துக்காரர்கள். உருளைக்கிழங்கு மட்டும் தெற்கே பெருப் பக்கம், அதை மெக்சிகோவுக்கு எழுதக் கூடாது. பாண், குசினி, அன்னாசி என்ற சொற்களும் அதே போர்த்துக்கேயன் விட்டுப்போனவை. என் பெயரிலேயே ஒன்று இருக்கிறது.

போக்குவரத்து ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை. அல் பஸ்தோர் என்று ஒரு டாக்கோ, செங்குத்துக் கம்பியில் மாமிசத்தைச் செருகிச் சுற்றிச் சுற்றி வாட்டி, மேலே அன்னாசித் துண்டோடு சீவித் தருவார்கள். லெபனான்காரர்கள் குடியேறியபோது கொண்டுபோன ஷவர்மாதான் அது. இங்கே டோஹாவில் லெபனான் சமையல்காரர் பக்கத்து அடுப்பில் ஷவர்மா சீவுகிறார், நான் இந்தப் பக்கம் அதன் பேரனைச் சீவுகிறேன்.


பண்டாரவளை சுதா | வெள்ளி, காலை 8.15

ஐயா, கட்டை சம்பலில் மிளகாயை எடுத்துவிட்டால் மாசிக் கருவாடும் வெங்காயமும் உப்பும்தான் மிச்சம். பூனைக்கு வைக்கலாம்.


பழைய கணக்கப்பிள்ளை | வெள்ளி, பகல் 1.40

சிரித்துவிட்டேன், பிள்ளை. சரி, மிளகாய் வந்தேறிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 500 வருடம் நம் அம்மியில் கிடந்து உறவாகிவிட்டது. இது நேற்று வந்த விருந்தாளி. எந்த விருந்தாளியும் சாப்பிட்டு முடித்ததும் நம்மிடம் பில் நீட்டுவதில்லை. நான் போகமாட்டேன்.


தலவாக்கலை மருமகள் | சனி, மாலை 5.20

சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். டோஹா அண்ணா, அந்தச் சுண்ணாம்பு வேலையை வீட்டில் செய்யலாமா? மொனராகலையிலிருந்து கொழுந்தனார் காய்ந்த சோளம் இரண்டு கிலோ கொண்டுவந்திருக்கிறார். அம்மி இருக்கிறது. சுண்ணாம்பு மாமியாரின் வெற்றிலைத் தட்டில் இருக்கிறது.


டோஹா குசினி | சனி, இரவு 11.40

செய்யலாம் அக்கா. முதலில் ஒரு கிலோவோடு தொடங்குங்கள். அவித்துச் சாப்பிடுகிற இளம் சோளம் சரிவராது, முற்றிக் காய்ந்ததுதான் வேண்டும். கோழித் தீவனத்துக்கு விற்பதையும் எடுக்காதீர்கள். ஒரு கிலோவுக்குச் சுண்ணாம்புத் தூள் என்றால் 10 கிராம். வெற்றிலைச் சுண்ணாம்பு ஈரமாக இருக்கும், அதில் இரண்டு தேக்கரண்டி கூம்பாக எடுங்கள். நிறம், வாசனை போடாத வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்க வேண்டும். மூன்று லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம், சுண்ணாம்பு அரித்துவிடும். எவர்சில்வரோ மண்சட்டியோ பாவியுங்கள். சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். சோளம் மஞ்சள் ஏறும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால் தோல் வழுக்க வேண்டும், உள்ளே கடிபட வேண்டும். அடுப்பை அணைத்து மூடி வையுங்கள். காலையில் மூன்று தண்ணீர் அலசி அரையுங்கள். தட்டுவதற்குக் கை வேண்டாம், பொலித்தீன் இரண்டு துண்டுக்கு நடுவில் உருண்டையை வைத்து ஒரு தட்டால் அமுக்குங்கள். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.


தலவாக்கலை மருமகள் | திங்கள், காலை 10.30

செய்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது.

சோளம் கொதிக்கிறபோது வீடு முழுவதும் ஒரு மணம். புதுச் சுவருக்கு வெள்ளையடித்தது போலத் தொடங்கி, போகப்போக அவித்த சோளம் மேலே வந்தது. மாமியார் இரண்டு தரம் வந்து, "என்ன பிள்ளை, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். காலையில் கையை விட்டுத் தேய்த்தேன், தோல் கூழ் போலக் கழன்று மிதந்தது. அம்மியில் ஒரு பிடி ஒரு பிடியாகத்தான் அரைபடுகிறது. ஒரு கிலோவுக்கு ஒன்றரை மணி நேரம். மாமியார் பொறுக்கமுடியாமல் குழவியை வாங்கிக்கொண்டார், பாதி அவர் அரைத்தது.

முதல் நான்கும் ஓரம் வெடித்து, எடுக்கும்போதே உடைந்தன. ஈரம் காணாது என்று தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். ஐந்தாவது வட்டமாக வந்தது. திருப்பிப் போட்டு, மறுபடியும் திருப்பினேன், நடுவில் மெல்ல உப்பியது. மாமியார் அதை எடுத்துக் கட்டை சம்பல் வைத்து மடித்துச் சாப்பிட்டார். "ரொட்டி மாதிரி இல்லையே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் ஆறு சாப்பிட்டார்.


கொட்டகலை ராசு | திங்கள், இரவு 8.50

தங்கச்சி, இன்று காலை நாங்கள் தலவாக்கலை வந்திருந்தால் எங்களுக்கும் இரண்டு கிடைத்திருக்குமே.

மேசைப் பையன் இன்று போன் நம்பர் கேட்டு எனக்குத் தனியாக எழுதினான். முதலாளியிடம் இந்த இழையைக் காட்டிவிட்டானாம். பேச்சு வாங்கினான், ஆனால் இப்போது வாசல் பலகையில் "இன்று சோள மா இல்லை, கோதுமை மட்டும்" என்று சோக்கால் எழுதுகிறார்களாம். சிவனொளிபாதமலை சீசன் கூட்டம் இறங்குகிற நேரத்தில் அப்படி எழுதுவது சின்ன விஷயம் இல்லை. அதற்காக விலை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன், சுதா. இன்னும் பத்து நாள் கொழுந்துதான் அது.

அம்மாவுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். 13,530 என்ற இடத்தைத் தாண்டிப் போக முயன்றேன், பெரியவள் காட்டிக்கொடுத்துவிட்டாள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டது, அந்தச் சுண்ணாம்பு எவ்வளவு என்று. டவுனில் காய்ந்த சோளம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். டோஹா தம்பி, அம்மா ஒன்று கேட்கச் சொன்னார்: மாவு பிசையும்போது கொஞ்சம் தேங்காய்ப்பூ போடலாமா?


டோஹா குசினி | செவ்வாய், காலை 5.45

ஒரு கிலோ சோளத்துக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம் அண்ணே. தேங்காய்ப்பூ கூடினால் தட்டும்போது ஓரம் வெடிக்கும். பிழிந்த பூவாக இருந்தால் நல்லது. அம்மாவைத் தண்ணீரைக் குறைத்துத் தெளிக்கச் சொல்லுங்கள்.